கண்ணாடியைத் துடைக்கும் கை



வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் அரசர்களும் போர்களும் ஆட்சி மாற்றங்களுமே நம் நினைவிற்கு வருகின்றன. அவை வரலாற்றின் ஒரு பகுதியே. நாம் நாள்தோறும் கையாளும் பொருள்களுக்கும் வரலாறு உண்டு. அவற்றைச் செய்தவர் யார், எந்தத் தேவை அவரைத் தூண்டியது, செய்ததன் பயனை அவர் துய்த்தாரா என்பனவும் நாம் அறியத்தக்கனவே. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. மோட்டார் வண்டியின் முன்கண்ணாடியில் விழும் மழைநீரை வழித்துத் தள்ளும் கருவியைப் பற்றியே பேசப்போகிறேன். பட்டறைகளில் இதனை வைப்பர் என்று வழங்குவர். நாமும் அப்பெயரையே கொள்வோம்.

இவ்வளவு சிறிய பொருளைப் பற்றி ஒரு சொற்பொழிவு வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறது. அடைமழையில் மூன்று விநாடி கண்ணாடி மங்கிப்போனால், வண்டியோட்டி 50 மீட்டர் தொலைவைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தவர் ஆகிறார். அந்த 50 மீட்டருக்குள் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் இருக்கலாம். ஒரு மாட்டு வண்டி இருக்கலாம். வண்டியிலிருப்போர் உயிரும் வீதியிற் செல்வோர் உயிரும் ஒரு முழ நீள ரப்பர்ப் பட்டையை நம்பியிருக்கின்றன.

இதனை நான் தேர்ந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. பழைய வண்டியொன்றில் வைப்பர் பழுதுற்றால், அதனைச் செப்பனிட முனைபவர் முதலில் அறியவேண்டியது அது எக்காலத்து அமைப்பு என்பதேயாகும். கையால் அசைத்தது, காற்றின் உறிஞ்சலால் அசைந்தது, மின்சாரத்தால் அசைவது, இடைவெளி விட்டு அசைவது என இக்கருவி படிப்படியாக மாறிவந்துள்ளது. முன்னதன் குறையிலிருந்தே பின்னது பிறந்தது. ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய பழுதும் உண்டு. ஆகவே இக்கருவியின் வரலாற்றையும் பழுது பார்க்கும் முறையையும் இன்று சேர்த்தே காண்போம்.

தொடக்கத்தில் மோட்டார் வண்டிக்கு முன்கண்ணாடியே கிடையாது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டி, நல்ல குதிரையின் வேகத்தைக்கூட எட்டவில்லை. அதில் அமர்ந்து செல்பவர்க்கு எதிர்காற்று ஒரு பொருட்டன்று. வேகம் கூடக்கூடக் காற்றும் புழுதியும் பூச்சிகளும் முகத்தில் அறையலாயின. அதனைத் தடுக்கக் கண்ணாடி வந்தது; கண்ணாடியோடு ஒரு புதிய தொல்லையும் வந்தது. மழை பெய்தால் அதன் வழியே ஒன்றும் தெரியவில்லை. அக்காலத்துக் கண்ணாடிகள் பலவற்றை மேல், கீழ் என இரு பகுதிகளாகச் செய்து, மேற்பகுதியைக் கீலில் திறக்கும்படி அமைத்தனர். மழை வந்தால் மேற்பகுதியைத் திறந்துவிட்டு நனைந்துகொண்டே ஓட்டவேண்டும். கண்ணாடி எதற்காக வந்ததோ அதனையே கைவிட்டால்தான் பாதை தெரியும் என்ற நிலை.

இந்நிலையைக் கண்டு சிந்தித்தவருள் முன்னிற்பவர் மேரி ஆண்டர்சன் என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1866-ஆம் ஆண்டில் அலபாமா மாநிலத்தில் பிறந்த இவர், பர்மிங்காம் நகரில் வாழ்ந்தவர், பொறியியல் கற்றவரல்லர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பனிக்காலத்தில் அவர் நியூயார்க் நகருக்குச் சென்றிருந்தார். அங்கே டிராம் வண்டியில் பயணம் செய்கையில் ஒரு காட்சியைக் கண்டார். பனியும் மழையும் கலந்து பொழிந்துகொண்டிருந்தன. வண்டியோட்டி முன்கண்ணாடியைத் திறந்துவைத்துக் குளிரில் நடுங்கியபடி ஓட்டினார். அன்று அவ்வாறு பயணம் செய்தோர் எத்தனையோ பேர். ஓட்டுநர் படும் பாட்டை நாள்தோறும் கண்டும், அது அவருடைய தொழிலுக்கு உரிய துன்பம் என்று அவர்கள் வாளா இருந்தனர். மேரி ஆண்டர்சனோ, இதற்கு ஒரு வழி செய்யலாகாதா என்று எண்ணினார்.

அவர் வகுத்த கருவி எளியது. கண்ணாடிக்கு வெளியே ரப்பர் பொருத்திய ஒரு கை. உள்ளே ஒரு கைப்பிடி. இரண்டையும் இணைக்கும் ஓர் அச்சு. ஓட்டுநர் உள்ளிருந்தபடியே கைப்பிடியை அசைத்தால் வெளியிலுள்ள கை கண்ணாடியை வழித்துச் செல்லும். கை கண்ணாடியை விட்டு விலகாமல் அழுந்தி நிற்பதற்கு ஓர் எடையையும் சேர்த்தார். மழையில்லாக் காலத்தில் கழற்றி வைத்துக்கொள்ளவும் வசதி செய்தார். 1903-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் விண்ணப்பித்து, அவ்வாண்டு நவம்பர் 10-ஆம் நாள் காப்புரிமை பெற்றார். காப்புரிமை என்பது, புதுப்பொருள் கண்டவர்க்கு அதனைச் செய்து விற்கும் தனியுரிமையைக் குறித்த காலத்துக்கு அரசு வழங்குவதாகும். அவர் பெற்ற உரிமை 17 ஆண்டுகளுக்குரியது.

அந்த 17 ஆண்டுகளில் அவர் பெற்ற வருவாய் ஒன்றுமில்லை. 1905-ஆம் ஆண்டில் கனடா நாட்டு நிறுவனம் ஒன்றிற்கு அவர் தம் உரிமையை விற்க முன்வந்தார். விற்பனைக்கேற்ற மதிப்பு இதற்கில்லை என்று அந்நிறுவனத்தார் மறுத்துவிட்டனர். மோட்டார் வண்டிகள் வீதிகளில் பெருகி, வைப்பர் இன்றியமையாப் பொருளாக ஆகும் வேளையில், 1920-ஆம் ஆண்டில், அவருடைய உரிமைக்காலம் முடிந்துபோயிற்று. 1953-ஆம் ஆண்டில், தம் 87-ஆம் வயதில் அவர் மறைந்தார். அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் மன்றம் 2011-ஆம் ஆண்டில் அவர் பெயரைத் தன் பட்டியலிற் சேர்த்துப் பெருமை செய்தது.

இவர் ஒருவரே இதனை எண்ணினார் என்று கொள்வது முறையன்று. ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் தம்பியாகிய இளவரசர் ஹென்ரிக், மோட்டார் வண்டியில் பெருவிருப்பம் உடையவர். அவர் 1908-ஆம் ஆண்டில் கையால் இயக்கும் துடைப்பான் ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் கிளாட்ஸ்டன் ஆடம்ஸ் என்னும் புகைப்படக் கலைஞர் 1911-ஆம் ஆண்டில் தம் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். கால்பந்தாட்ட இறுதிப் போட்டியொன்றைக் கண்டு திரும்புகையில் வழிநெடுகப் பனியைக் கையால் துடைக்க நேர்ந்ததே அவர் எண்ணத்தைத் தூண்டியது என்பர். தேவை ஒன்றாக இருக்கும்போது, கடல் கடந்த நாடுகளிலும் ஒரே எண்ணம் பலர் உள்ளத்தில் முளைப்பதை அறிவியல் வரலாற்றில் பலமுறை காண்கிறோம்.

கையால் அசைக்கும் வைப்பரில் பழுது பார்ப்பதற்கு மிகுதியாக ஒன்றுமில்லை. அச்சுத் துருப்பிடிக்கும், ரப்பர் கெட்டியாகும். இவ்விரண்டையும் எவரும் சரிசெய்யலாம். ஆனால் அதன் பெருங்குறை வேறு. ஓட்டுநருக்கு இருப்பவை இரண்டு கைகள். ஒன்று வண்டியைத் திருப்ப வேண்டும். மற்றொன்று கியர் மாற்றவும் வேண்டும், கண்ணாடி துடைக்கவும் வேண்டும். மழையில்தான் இரு கைகளும் திருப்புசக்கரத்தில் உறுதியாக இருத்தல் வேண்டும். ஆகவே, கையின் உதவியின்றித் தானே இயங்கும் வைப்பர் தேவையாயிற்று.

அமெரிக்காவில் பஃபலோ நகரில் ஜான் ஆய்ஷி என்பவர் நாடக அரங்கொன்றை நடத்திவந்தார். மழை பெய்த ஓரிரவில் அவருடைய வண்டி மிதிவண்டியில் சென்ற ஒருவர்மீது மோதிவிட்டது. அடிபட்டவர் பெரிய காயமின்றித் தப்பினார். ஆயினும் ஆய்ஷியின் மனம் அமைதி கொள்ளவில்லை. கண்ணாடி துடைக்கும் கருவியை எல்லா வண்டிகளுக்கும் கிடைக்கச் செய்வதென்று துணிந்து, 1917-ஆம் ஆண்டில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அதுவே பின்னர் டிரைகோ என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது. அதே காலத்தை ஒட்டி, சார்லட் பிரிட்ஜ்வுட் என்னும் பெண்மணி, உருளைகள் கண்ணாடியின்மீது உருண்டு நீரைத் துடைக்கும் மின்சார அமைப்பொன்றை உருவாக்கினார். அது வணிகத்தில் வெற்றி பெறவில்லை.

அக்காலத்தில் பெரிதும் பரவியது வெற்றிட வைப்பர் ஆகும். மாணவர்களே, இதன் தத்துவத்தைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் கீழிறங்கும்போது வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சுகிறது. அவ்வுறிஞ்சலை ஒரு சிறு குழாய் வழியாக வைப்பருக்குக் கொண்டுவருகின்றனர். அங்கே அரைவட்ட அறை ஒன்றும், அதனுள் கதவுபோல் அசையும் ஒரு தகடும் உள்ளன. தகட்டின் ஒரு பக்கத்துக் காற்றை உறிஞ்சினால் தகடு அப்பக்கம் சாயும். உடனே ஒரு வால்வு திரும்பி, உறிஞ்சலை மறுபக்கத்துக்கு மாற்றும். தகடும் மறுபக்கம் சாயும். தகட்டின் அச்சில் பொருத்திய துடைப்பான் கையும் அதனோடு இடமும் வலமும் ஆடும். மின்சாரம் வேண்டாம், தனியாக எரிபொருள் வேண்டாம். எஞ்சின் எப்படியும் உறிஞ்சுகின்ற காற்றையே வேலை வாங்கும் அருமையான அமைப்பு இது.

ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. ஓட்டுநர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினின் காற்றுவழி ஏறக்குறைய மூடிக்கொள்ளும், உறிஞ்சல் மிகும், வைப்பர் விரைந்தாடும். காலை அழுத்தினால் காற்றுவழி அகலத் திறக்கும்; உறிஞ்சல் குன்றும்; வைப்பர் தளர்ந்து சிலவேளை நின்றேவிடும். மேட்டில் ஏறும்போதும், முன்செல்லும் வண்டியை முந்தும்போதும் காலை அழுத்தியாக வேண்டுமன்றோ? பார்வை மிகவும் தேவைப்படும் அந்த நொடியில் வைப்பர் ஓய்ந்துவிடும். ஓட்டுநர்கள் நொடிப்பொழுது காலை எடுத்து, ஒருமுறை கண்ணாடியைத் துடைக்கவிட்டு, மீண்டும் அழுத்துவதைப் பழக்கமாகக் கொண்டிருந்தனர். எரிபொருள் பம்போடு துணை உறிஞ்சு பம்பு ஒன்றை இணைத்துக் குறையை ஓரளவு தணித்தனர். முற்றிலும் நீக்க இயலவில்லை.

இவ்வரலாற்றை அறியாத ஒருவர் அத்தகைய பழைய வண்டியை வாங்கினால் என்ன நேரும்? மேட்டில் வைப்பர் நின்றதும் அதில் பழுது என்றெண்ணிக் கழற்றத் தொடங்குவார். அது அவ்வமைப்பின் இயல்பேயன்றிப் பழுதன்று. எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் வைப்பர் அசையவில்லை என்றால் மட்டுமே பழுதெனக் கொள்ளவேண்டும். அப்போதும் சோதனை எளிது. வைப்பரில் மாட்டியுள்ள ரப்பர்க் குழாயைக் கழற்றி, அதன் வாயில் விரலை வையுங்கள். விரலை வலுவாக இழுத்தால் எஞ்சினும் குழாயும் நலம். குற்றம் வைப்பருக்குள் இருக்கிறது. இழுக்காவிடில் குழாய் வெடித்திருக்கிறது அல்லது அடைபட்டிருக்கிறது. வைப்பருக்குள் பெரும்பாலும் காணப்படும் குற்றங்கள் இரண்டு. ஒன்று, பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருத்தல். மற்றொன்று, தகட்டின் விளிம்பு உலர்ந்து சுருங்கி, காற்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கசிதல். துப்புரவு செய்து எண்ணெயிட்டாலே பல வைப்பர்கள் மீண்டும் உயிர்பெறும்.

அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ஒரு பாதுகாப்பு விதி நடைமுறைக்கு வந்தது. புதிய கார்களின் வைப்பருக்குக் குறைந்தது இரு வேகங்கள் இருத்தல் வேண்டும். எஞ்சினின் வேகமும் சுமையும் எவ்வாறிருப்பினும், அவற்றுள் ஒன்றில் வைப்பர் நிமிடத்திற்குக் குறைந்தது 45 முறை துடைத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. எஞ்சினை நம்பியிருந்த வெற்றிட வைப்பரின் காலம் அதன்பின் விரைவில் முடிவுற்றது.

மின்சார வைப்பரோ அதற்கு நெடுங்காலம் முன்பே தோன்றிவிட்டது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1926-ஆம் ஆண்டிலேயே அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எஞ்சின் எவ்வாறு உழைத்தாலும் பாட்டரியிலிருந்து வரும் மின்சாரம் மோட்டாரை ஏறத்தாழ ஒரே சீராக ஓட்டும். ஆனால் ஒரு புதிய சிக்கல் எழுந்தது. மின்மோட்டார் ஒரே திசையில், மிக விரைவாகச் சுழல்வது. வைப்பரோ மெதுவாக, முன்னும் பின்னும் ஆடவேண்டியது. சுழற்சியை ஆட்டமாக மாற்றுவது எப்படி?

தையற்காரரின் இயந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் மிதிக்கும் கட்டை மேலும் கீழும் அசைகிறது. அவ்வசைவு ஒரு கம்பியின் வழியே சக்கரத்தின் சுழற்சியாக மாறுகிறது. வைப்பரில் நடப்பது அதன் மறுதலை. மோட்டாரின் தண்டில் திருகுபோல் மரை வெட்டியிருப்பர். அது ஒரு பற்சக்கரத்தை மெதுவாகச் சுழற்றும். வேகம் குறைய, வலிமை பெருகும். பற்சக்கரத்தின் மையத்திலிருந்து விலகிய ஓரிடத்தில் ஒரு முளை உள்ளது. அம்முளையில் மாட்டிய தண்டு, சக்கரம் சுழலச் சுழல முன்னும் பின்னும் போய்வரும்.

அந்த அசைவைக் கண்ணாடியின் அடியிலுள்ள கைகளுக்குக் கொண்டுசெல்ல இரு வழிகள் கையாளப்பட்டன. ஒன்று, கேபிள் வழி. இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்தார் செய்த இவ்வமைப்பு, மாரிஸ் மைனர், டிரையம்ப் ஹெரால்டு முதலிய வண்டிகளில் இடம்பெற்றது. வளையக்கூடிய கேபிளின்மீது ஒரு கம்பியைத் திருகுபோல் இறுகச் சுற்றியிருப்பர். அது ஒரு குழாய்க்குள் முன்னும் பின்னும் நகரும். ஒவ்வொரு துடைப்பான் கையின் அடியிலும் ஒரு சிறு பெட்டியும் அதனுள் ஒரு பற்சக்கரமும் உள்ளன. கேபிளின் சுற்றுகளே பற்களாகி அச்சக்கரத்தை இருபுறமும் திருப்பும். ஒரே கேபிள் இரு கைகளையும் ஆட்டுவதால் இடம் மிச்சமாகும்.

இத்தகைய வண்டியில் வைப்பர் தளர்ந்து ஆடினால், பலரும் முதலில் மோட்டாரையே குறைகூறுவர். கேபிளை மோட்டாரிலிருந்து பிரித்துவிட்டு, மோட்டாரைத் தனியே ஓட்டிப் பார்த்தல் வேண்டும். அது நன்றாக ஓடினால் மோட்டார் குற்றமற்றது. பின்னர்த் துடைப்பான் கைகளை அச்சிலிருந்து எடுத்துவிட்டு, கேபிளைக் கையால் இழுத்துப் பாருங்கள். சீராக வழுக்கி வரவேண்டும். வராவிடில், பல ஆண்டுக் கிரீஸ் குழாய்க்குள் இறுகியிருக்கும். கேபிளை உருவி எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி, குழாயைத் துடைத்து, புது கிரீஸ் தடவிச் செருகினால் போதும். மண்ணெண்ணெயைக் கையாளும் இடத்தில் நெருப்பு இருத்தலாகாது.

இனி, கேபிள் நன்றாக நகர்ந்தும் கைகள் குலுங்கினால், பெட்டிக்குள் உள்ள பற்சக்கரம் தேய்ந்திருக்கும். இங்கேதான் பழைய மெக்கானிக்குகளின் நுண்ணறிவைக் காண்கிறோம். வைப்பர் முழுவட்டம் சுற்றுவதில்லை. ஒரு பகுதிதான் ஆடுகிறது. ஆகவே பற்சக்கரத்திலும் ஒரு பகுதிப் பற்களே தேய்கின்றன. எதிர்ப்பக்கத்துப் பற்கள் புதியன போலவே இருக்கின்றன. சக்கரத்தைக் கழற்றி அரைவட்டம் திருப்பி மாட்டினால், தேயாத பற்கள் வேலைக்கு வந்துவிடும். காசு செலவில்லை; பொருளும் வீணாவதில்லை. இயந்திரம் எவ்வாறு அசைகிறது என்பதை மனக்கண்ணால் கண்டவருக்கே இவ்வழி தோன்றும்.

மற்றொரு வழி, இரும்புத் தண்டுகளால் இணைக்கும் வழி. இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் காண்பது இதுவே. மோட்டாரின் கிராங்க்கிலிருந்து தண்டுகள் சென்று, இரு கைகளின் அச்சுகளையும் ஆட்டும். தண்டுகள் சேரும் மூட்டுகளில் புஷ் என்னும் சிறு வளையங்கள் உண்டு. இவ்வமைப்பில் பழுது கண்டறிய, முதலில் கண்ணைவிடக் காதையே பயன்படுத்துங்கள். ஸ்விட்சைப் போட்டதும் மோட்டாரின் ஒலி கேட்கிறதா? ஒலி கேட்டும் கை அசையாவிடில், மூட்டு கழன்றிருக்கிறது, அல்லது கையை அச்சோடு பற்றும் பற்கள் தேய்ந்திருக்கின்றன. ஒரு கை அசைந்து மறுகை அசையாவிடில், அசையாத கையின் பக்கத்து மூட்டிலோ அச்சிலோதான் குற்றம். தட்டுகின்ற ஓசையோடு தொளதொளவென்று ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. ஒலியே இல்லாவிடில், ஃப்யூஸ், ஸ்விட்ச், கம்பி இணைப்பு, எர்த் இணைப்பு, மோட்டாருக்குள்ளிருக்கும் கார்பன் பிரஷ் என்ற வரிசையில் எளிதிலிருந்து அரிதுக்குச் செல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்லுதல் என் கடமை. கண்ணாடியின் அடியில் மழைநீர் இறங்கி அச்சுகள் துருவேறி இறுகுவதுண்டு. இறுகிய அச்சைத் திருப்ப மோட்டார் திணறும், மிகுந்த மின்சாரத்தை இழுக்கும், ஃப்யூஸ் எரிந்துபோகும். சிலர், ஃப்யூஸ்தானே எரிகிறது என்று அதனினும் தடித்த கம்பியைப் போட்டுவிடுவர். அடுத்தமுறை எரிவது ஃப்யூஸாக இராது. மோட்டாராகவோ வண்டியின் கம்பிகளாகவோ இருக்கும். ஃப்யூஸ் எரிதல் நோயின் அறிகுறி. நோயோ அச்சில் இருக்கிறது. தண்டுகளைப் பிரித்து ஒவ்வோர் அச்சையும் விரலால் திருப்பிப் பார்த்தால் எது இறுகியது என்பது தெரிந்துவிடும். தண்டுகளிடையே கைவைக்குமுன் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். திடீரென ஓடினால் அவை விரலை நசுக்கிவிடும்.

ஸ்விட்சை அணைத்ததும் வைப்பர் உடனே நில்லாமல், கண்ணாடியின் அடிவரை சென்று படுத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பற்சக்கரத்தோடு இணைந்த ஒரு மறைவான ஸ்விட்ச், கை அடிக்கு வந்துசேரும் வரை மின்சாரத்தை நிறுத்தாமல் வைத்திருக்கிறது. வைப்பர் அணைத்த இடத்திலேயே கண்ணாடியின் நடுவில் நின்றுவிட்டால், இந்த மறைவு ஸ்விட்சைப் பார்க்கவேண்டும். வேலை முடிந்து கைகளை மீண்டும் மாட்டுமுன், மோட்டாரை ஒருமுறை ஓட்டி அணைத்து, அது தன் ஓய்விடத்தில் நின்றபின்னரே மாட்டுதல் வேண்டும். இல்லையேல் கைகள் கண்ணாடியைத் தாண்டி இடித்துக்கொள்ளும்.

மின்சார வைப்பரிலும் ஒரு குறை எஞ்சியிருந்தது. தூறல் மழையில் அது ஓயாமல் ஆடும். துடைக்க நீர் இல்லாதபோது ரப்பர் கண்ணாடியில் கீச்சிட்டுத் தேயும். இக்குறையை நீக்கப் பலரும் முயன்றனர். இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனப் பொறியாளர் ஜான் ஏமஸ் 1961-ஆம் ஆண்டில் மின்னணு முறையொன்றுக்குக் காப்புரிமை கோரினார். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் பேராசிரியராக இருந்த ராபர்ட் கெர்ன்ஸின் வரலாறு நாம் அறியவேண்டிய ஒன்று. 1953-ஆம் ஆண்டில் தம் திருமண இரவில், ஷாம்பேன் மதுப்புட்டியின் தக்கை தெறித்து அவருடைய இடக்கண்ணைத் தாக்கிற்று. அக்கண்ணின் பார்வை பெரும்பாலும் போயிற்று. பின்னாளில் தூறலில் வண்டியோட்ட நேர்ந்தபோது, கண் இமைப்பது போல வைப்பரும் இடைவெளி விட்டு இயங்கினால் என்ன என்று அவர் எண்ணினார்.

அவர் கையாண்டவை மின்தடை, மின்தேக்கி, டிரான்சிஸ்டர் ஆகிய எளிய உறுப்புகளே. சிறு துளையின் வழியே குடத்தில் நீர் நிரம்புவது போல, மின்தடையின் வழியே மின்தேக்கியில் மின்னேற்றம் மெல்ல நிரம்பும். குறித்த அளவை எட்டியதும் டிரான்சிஸ்டர் வழிதிறக்க, வைப்பர் ஒருமுறை துடைத்து ஓயும். மின்தேக்கி மீண்டும் நிரம்பத் தொடங்கும். நிரம்பும் நேரமே இடைவெளி. இவ்வகை வைப்பரில் இடைவெளி தாறுமாறானால், மோட்டாரை விட்டுவிட்டு இந்த மின்னணுப் பகுதியையே சோதிக்கவேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும்.

கெர்ன்ஸ் தம் அமைப்பை 1963-ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனத்தாருக்குக் காட்டினார். 1967-ஆம் ஆண்டில் காப்புரிமையும் பெற்றார். அவரோடு உடன்படிக்கை செய்யாமலேயே அந்நிறுவனம் 1969-ஆம் ஆண்டில் இடைவெளி வைப்பரை வெளியிட்டது. 1978-ஆம் ஆண்டில் அவர் வழக்குத் தொடுத்தார். பழைய உறுப்புகளைச் சேர்த்ததில் புதுமை என்ன என்பது எதிர்த்தரப்பின் வாதம். உறுப்புகள் பழையன; அவற்றைச் சேர்த்த முறை புதியது என்பது அவர் வாதம். அவரது காப்புரிமை மீறப்பட்டது, ஆயினும் வேண்டுமென்றே மீறப்படவில்லை என்று 1990-இல் நடுவர் குழு கண்டது. ஃபோர்டு நிறுவனம் 1 கோடியே 2 லட்சம் டாலர் தந்தது. 1992-ஆம் ஆண்டில் கிறைஸ்லர் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கிலும் வென்றார். அதற்குள் அவருடைய குடும்ப வாழ்வு சிதைந்துவிட்டது. வாழ்நாளின் சிறந்த பகுதி நீதிமன்றங்களில் கழிந்தது. 2005-ஆம் ஆண்டில் அவர் காலமானார். மேரி ஆண்டர்சனுக்கு உலகம் ஒன்றும் தரவில்லை. கெர்ன்ஸுக்குத் தந்தது காலங்கடந்து தந்தது. இருவர் எண்ணமும் இன்று உலகின் ஒவ்வொரு மோட்டார் வண்டியிலும் வாழ்கிறது.

நம் நாட்டிற்கும் இவ்வரலாற்றில் ஓர் இடமுண்டு. டிரையம்ப் ஹெரால்டு வண்டியைத் தழுவிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961-ஆம் ஆண்டு முதல் சென்னையில் உருவாக்கப்பட்டது. அதே ஆண்டில் சென்னையில் லூகாஸ்-டி.வி.எஸ் நிறுவனமும் தொடங்கப்பெற்றது. வண்டிகளுக்கு வேண்டிய மின்கருவிகளோடு வைப்பர் மோட்டார்களையும் நம் தொழிலாளர் இங்கேயே செய்யலாயினர்.

மாணவச் செல்வங்களே, நாம் கண்டவற்றைத் தொகுத்துக்கொள்வோம். கைவைப்பர் ஓட்டுநரின் கையைப் பிணித்தது. அதனால் வெற்றிட வைப்பர் வந்தது. அது மேட்டில் ஓய்ந்தது. அதனால் மின்சார வைப்பர் நிலைபெற்றது. அது தூறலில் வீணே ஆடியது. அதனால் இடைவெளி வைப்பர் பிறந்தது. புதியதைக் கண்டவரும், பழையதைப் பழுது பார்ப்பவரும் கேட்ட கேள்வி ஒன்றே: அசைவு எவ்விடத்தில் தொடங்குகிறது, எவ்விடத்தில் தடைப்படுகிறது? பட்டறையில் கையெல்லாம் கிரீஸோடு நிற்கும் மெக்கானிக்கை அறிவுத்துறைக்குப் புறம்பானவராக எண்ணாதீர்கள். அவர் செய்வது ஆராய்ச்சியே.

உங்கள் ஊரில் பழைய இரும்புக் கடை இருந்தால், ஆசிரியரின் துணையோடு ஒரு பழைய வைப்பர் மோட்டாரை வாங்கிப் பள்ளிக்குக் கொண்டுவாருங்கள். மூடியைத் திறந்து, திருகுத் தண்டு எது, பற்சக்கரம் எது, மறைவு ஸ்விட்ச் எது என்று நீங்களே கண்டுபிடியுங்கள். வரைந்து பெயரெழுதுங்கள். பிரித்ததை முன்போலவே பூட்டுங்கள். அது மீண்டும் ஓடினால், புத்தகத்தில் நூறுமுறை படித்தாலும் கிடைக்காத தெளிவு உங்களுக்குக் கிடைத்திருக்கும். ஓடாவிட்டாலும் வருந்தவேண்டாம், எங்கே நின்றது என்று தேடத் தொடங்குங்கள்.